குதிரைக் கடிவாளத்தின் அளவைத் தேர்ந்தெடுத்தல்

குதிரையின் தலையில் பூட்டப்பட்டு, அதைச் செலுத்தவும் நிறுத்தவும் பயன்படும் வார்த் தொகுதி கடிவாளம் ஆகும். தலைப்பட்டை, நெற்றிப்பட்டை, கன்னப்பட்டைகள், தொண்டைப்பட்டை, மூக்குப்பட்டை, வாய்க்குள் இருக்கும் கடியிரும்பு, சவாரி செய்பவர் பிடிக்கும் வார்கள் ஆகியன இதன் பகுதிகள்.

கடைகளில் கடிவாளங்கள் பொதுவாகப் போனி, காப், ஃபுல், எக்ஸ்ட்ரா ஃபுல் என்ற அளவுகளில் கிடைக்கின்றன. இவை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குதிரையின் உயரத்தை மட்டும் கொண்டு அளவை முடிவு செய்யவும் இயலாது. எடுத்துக்காட்டாக, அரபுக் குதிரைக்கு நெற்றி அகன்றும் முகம் குறுகியும் இருக்கும். அதற்கு நெற்றிப்பட்டை ஓர் அளவிலும் கன்னப்பட்டை அதைவிடச் சிறிய அளவிலும் தேவைப்படலாம்.

அளவெடுக்கும் முறை

துணி அளவு நாடாவால் நான்கு அளவுகள் எடுக்கப்படுகின்றன.

1. ஒரு வாயோரத்திலிருந்து காதுகளுக்குப் பின்புறம் உச்சி வழியாக மறு வாயோரம் வரை.
2. ஒரு காதின் பின்புறத்திலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்புறம் வரை.
3. கன்ன எலும்பு முனைக்கு இரு விரல் கீழே மூக்கின் சுற்றளவு.
4. உச்சியிலிருந்து தொண்டையைச் சுற்றி மீண்டும் உச்சி வரை.

கடியிரும்புக்கு வாயின் அகலம் தனியே அளக்கப்படும். இரும்பு வாயின் இருபுறமும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வெளியே நிற்க வேண்டும்.

பொருத்தத்தைச் சோதித்தல்

கன்னப்பட்டையின் கொக்கி நடுத்துளையில் பூட்டப்பட்டால், பின்னர் கூட்டவும் குறைக்கவும் இடமிருக்கும். தொண்டைப்பட்டைக்கும் தாடைக்கும் இடையே நான்கு விரல்களை நிமிர்த்தி நுழைக்க முடிய வேண்டும். மூக்குப்பட்டைக்கு அடியில், மூக்கெலும்பின் மேல், இரு விரல்கள் நுழைய வேண்டும். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் போட்டிகளில் இந்த இறுக்கத்தைத் தனி அளவுகோல் கொண்டு சோதிக்கிறது.

தவறான அளவின் விளைவுகள்

நெற்றிப்பட்டை குட்டையானால் தலைப்பட்டை முன்னே இழுபட்டுக் காதின் அடியை அழுத்தும். மூக்குப்பட்டை மிகத் தாழ்ந்தால் மூக்கின் மென்மையான பகுதியை நெரிக்கும். குதிரை வாயால் மூச்சு விடாது என்பதால் இது அதன் சுவாசத்தைப் பாதிக்கும். அகலம் குறைந்த இரும்பு வாயோரத்தைக் கிள்ளும். அகலம் மிகுந்தது பக்கவாட்டில் நகர்ந்து உரசிப் புண்ணாக்கும்.

இவ்வலியால் குதிரை தலையை உதறும், வாயைத் திறக்கும், கடிவாளம் பூட்டவே மறுக்கும். இதை முரட்டுத்தனம் எனக் கருதி வார்களை மேலும் இறுக்கினால் வலி கூடும். ஆகவே பழக்கப்பட்ட குதிரை திடீரென இவ்வாறு நடந்துகொண்டால் கடிவாளத்தின் பொருத்தமும் வாயும் பற்களும் முதலில் பார்க்கப்பட வேண்டும். புதிய தோல் பயன்பாட்டில் நீளும்; இளங்குதிரையின் தலை வளரும். எனவே ஒருமுறை சரியாக இருந்த அளவையும் அவ்வப்போது மீண்டும் சோதிப்பது அவசியம்.