43 இன்ச் டிவியை மானிட்டரா வாங்கலாமா? திருவண்ணாமலை வீட்டுல போட்டுப் பார்த்த கணக்கு

வொர்க் ஃப்ரம் ஹோம் செலவுகள் பற்றி நம்ம சேனலில் பேசின வீடியோவில் ஒரு விஷயத்தை அவசரமா தாண்டிப் போயிட்டேன். ஒரு நல்ல 27 இன்ச் 4கே மானிட்டர் விலைக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன 43 இன்ச் 4கே டிவியே கிடைக்குது. அப்போ டிவியையே வாங்கி லேப்டாப்பில் மாட்டிக்கிட்டா என்ன? கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில் "வாங்கலாம்", "வேண்டாம்"னு ஒரு வார்த்தையில முடியாது. மாசம் முப்பதாயிரம், நாப்பதாயிரம் சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு இது கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம். அதனால நிதானமா பார்ப்போம்.

முதல்ல என் கதை. சென்னையில பிஜி ரூமைக் காலி பண்ணிட்டு திருவண்ணாமலைக்கே வந்துட்டேன். செங்கம் ரோட்டுல இருந்து உள்ளே போற தெருவில் எங்க வீடு, மாடி ரூம்ல என் ஆபீஸ். வாடகை மிச்சம், அம்மா சமையல், ஜன்னலைத் திறந்தா மலை. எல்லாம் சரி, 15 இன்ச் லேப்டாப்பில் எக்செல் பார்த்துப் பார்த்து கண்ணுதான் போச்சு. ஒரு பண்டிகை ஆஃபர்ல 50 இன்ச் டிவி கண்ணுல பட்டுது. "பெருசா இருந்தா நல்லதுதானே"ன்னு வாங்கிட்டேன். அளவு பார்க்கல, மேஜை பார்க்கல, லேப்டாப்ல எந்த போர்ட் இருக்குன்னுகூட பார்க்கல. பணத்தைப் பத்தி ஊருக்கே சொல்றவன் பண்ணின வேலை இது.

டிவி வந்த அன்னிக்கு அம்மா மாடிக்கு ஏறி வந்து பார்த்துட்டுக் கேட்டாங்க: "ஏன்டா, இம்மாம் பெரிய டிவிய ரூம்ல வச்சிக்கினு நீ மட்டும் பாக்கப் போறியா?" "இது டிவி இல்லம்மா, கம்ப்யூட்டர்"னு சொன்னேன். அம்மா நம்பல. நம்ம வீடுகள்ல டிவின்னா அது எல்லாருக்கும் பொதுவான பொருள். 2006-ல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சப்பவும் அது குடும்பத்துக்கு ஒண்ணுன்னுதான் வந்துச்சு. இதை ஏன் சொல்றேன்னா, கடைசியில என் டிவி எங்கே போய் நின்னுதுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

எழுத்து ஏன் மங்கலா தெரிஞ்சுது?

கேபிளை மாட்டினதும் ரெண்டு அதிர்ச்சி. மவுஸ் இழுத்தா ஏதோ தண்ணிக்குள்ள நகர்ற மாதிரி பின்னாடியே வந்துச்சு. எழுத்தோட ஓரமெல்லாம் கசிஞ்ச மாதிரி இருந்துச்சு. சிவப்பு எழுத்து சுத்தமா படிக்கவே முடியல. டிவியே கோளாறுன்னு நினைச்சு திருப்பி அனுப்பப் பார்த்தேன். கோளாறு டிவியில இல்ல.

மவுஸ் விஷயத்துக்குக் காரணம் எச்டிஎம்ஐ வெர்ஷன். 4கே என்பது குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் இருக்கற பழைய லேப்டாப், இவ்வளவு புள்ளிகளை நொடிக்கு 30 தடவைதான் அனுப்ப முடியும். நமக்கு வேண்டியது 60. அதுக்கு லேப்டாப், கேபிள், டிவி போர்ட் மூணுமே எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதுக்கு மேல இருக்கணும். இந்தப் பிரச்சனை புதுசு இல்ல. 2013-ல் அமெரிக்காவில் செய்கி என்ற கம்பெனி 39 இன்ச் 4கே டிவியை 700 டாலருக்குக் கொடுத்தப்போ, ப்ரோக்ராமர்கள் பல பேர் அதை மானிட்டரா வாங்கினாங்க. அவங்களும் இதே 30-ல் மாட்டிக்கிட்டுத்தான் புலம்பினாங்க. இன்னும் பின்னாடி போனா, 1980-கள்ல ஸ்பெக்ட்ரம், கமடோர் மாதிரியான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு டிவிதான் மானிட்டர். நாம ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சிடல.

உங்க லேப்டாப்ல எச்டிஎம்ஐ பழசா இருந்தாலும் டைப்-சி போர்ட் வழியா டிஸ்ப்ளே வெளியே போகும்னா, 4கே 60 ஹெர்ட்ஸ்னு தெளிவா எழுதியிருக்கற அடாப்டர் வாங்கினா வேலை முடிஞ்சுது. எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். மாடல் நம்பர் போட்டுத் தேடிப் பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.

எழுத்து கசியறது வேற கதை. டிவி என்பது சினிமா பார்க்கறதுக்காகப் பண்ணினது. சினிமாவில கலர் தகவலைக் கொஞ்சம் குறைச்சு அனுப்பினாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே கலர்னு சுருக்கிடுவாங்க. இதுக்குப் பேர் 4:2:0. முகம், வானம், மரத்துக்கெல்லாம் இது போதும். ஒரு புள்ளி அகலத்துல இருக்கற எழுத்துக்குப் போதாது. எழுத்துக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கலர் வேணும், அதுதான் 4:4:4. பல டிவிகள் இதைச் செய்யும், ஆனா நாம கேட்டாத்தான் செய்யும். எல்ஜி, சாம்சங் மாடல்கள் பலதுல அந்த எச்டிஎம்ஐ இன்புட்டோட பேரை அல்லது ஐகானை "பிசி"ன்னு மாத்தணும். சோனியில "கிராபிக்ஸ்" அல்லது "கேம்" மோட். பேரை மாத்தினா படம் மாறுமான்னு சிரிச்சேன். மாத்தினதும் எழுத்து கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு.

அதோட ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. ஸ்க்ரீன் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி தெரிஞ்சா "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்க்ரீன் ஃபிட்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போடுங்க. கடையில கண்ணைப் பறிக்கறதுக்காக வச்சிருக்கற "விவிட்" மோட்ல எட்டு மணி நேரம் வேலை பார்த்தா சாயந்திரம் தலைவலி நிச்சயம். பிரைட்னெஸை தைரியமா பாதிக்குக் கீழே இறக்குங்க.

சைஸ்தான் உண்மையான கேள்வி

செட்டிங் எல்லாம் சரி பண்ணியும் மூணாவது வாரம் எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. காரணம், என் மேஜையோட ஆழம் ரெண்டு அடி. 50 இன்ச் டிவியை ரெண்டு அடியில இருந்து பார்க்கறது, தியேட்டர்ல முதல் வரிசையில உட்கார்ந்த மாதிரி. மேல ஒரு மூலையில நேரம் பார்க்க கழுத்தைத் தூக்கணும், கீழே டாஸ்க்பாருக்கு இறக்கணும், தினமும் நூறு தடவை.

ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளின்னு கணக்குப் போட்டா விஷயம் புரியும். 27 இன்ச் 4கே-யில இன்ச்சுக்கு சுமார் 163 புள்ளி. 43-ல் சுமார் 102. 50-ல் 88. 55-ல் 80. நாம ஆபீஸ்ல பார்க்கற சாதாரண 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்ல 92. அதாவது 50 இன்ச் 4கே டிவி ஆபீஸ் மானிட்டரை விடக் கொஞ்சம் சொரசொரப்பாத்தான் இருக்கும். நல்ல பார்வை இருக்கறவங்களுக்குப் புள்ளி தனித்தனியா தெரியாம இருக்கணும்னா, 43 இன்ச்சை சுமார் 85 செ.மீ. தள்ளி வைக்கணும், 55 இன்ச்சை சுமார் 110 செ.மீ. தள்ளி வைக்கணும். 110 செ.மீ. ஆழத்துல மேஜை நம்ம வீட்டுல யார்கிட்ட இருக்கு?

43-க்கு ஒரு அழகான குணம் இருக்கு. அதுல சரியா நாலு 21.5 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் அடங்கும், நடுவுல ஃப்ரேம் கோடு இல்லாம. விண்டோஸ்ல ஸ்கேலிங் 100 சதவீதம் வச்சே எழுத்தைப் படிக்கலாம். ஒரு பக்கம் எக்செல், ஒரு பக்கம் மெயில், கீழே மீட்டிங், இன்னொரு மூலையில சாட். அக்கவுண்ட்ஸ், கோடிங், டேட்டா வேலை பார்க்கறவங்களுக்கு இது பெரிய வசதி. 27 இன்ச் 4கே-யில எழுத்து இன்னும் நைசா இருக்கும், ஆனா ஸ்கேலிங்கை 150-க்கு ஏத்தணும், அப்போ இடம் குறைஞ்சிடும். ஃபோட்டோ, டிசைன் வேலைன்னா எனக்கு 27 பிடிக்கும். வெறும் மெயிலும் கஸ்டமர் காலும்தான் வேலைன்னா, ரெண்டுமே வேண்டாம். ஒரு 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் பத்தாயிரத்துக்குள்ள கிடைக்குது, மிச்சத்தை ஒரு நல்ல நாற்காலியில போடுங்க.

டிவி வாங்கறதுன்னா மேஜை குறைஞ்சது ரெண்டே முக்கால் அடி ஆழம் இருக்கணும். இல்லன்னா டிவியைச் சுவத்துல மாட்டி, மேஜையைச் சுவத்தை விட்டு ஒரு அடி முன்னாடி இழுத்துப் போடுங்க. மாட்டும்போது ஹால்ல மாட்டற உயரத்துல மாட்டிடாதீங்க. ஆணி அடிக்க வர்றவர் பழக்க தோஷத்துல மேலேதான் குறிப்பார். உட்கார்ந்தா உங்க கண்ணு டிவியோட மேல் ஓரத்துக்கு நேரா இருக்கணும். 43 இன்ச்சோட உயரம் சுமார் 54 செ.மீ., அதனால கீழ் ஓரம் கிட்டத்தட்ட மேஜையைத் தொடும். ஓஎல்இடி டிவி ஆஃபர்ல வந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். நாள் முழுக்க ஒரே டாஸ்க்பார் நின்னா அந்தத் தடம் நிரந்தரமா பதியற ஆபத்து உண்டு.

இப்போ காசு

2025 செப்டம்பர் 22-லிருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சுது. வரிக்கு முன்னாடி 25,000 விலைன்னா, முன்னே 32,000, இப்போ 29,500. மானிட்டருக்கும் டிவிக்கும் இடையில இருந்த வரி வித்தியாசம் இதோட போயிடுச்சு.

அடுத்தது, எல்லாரும் விழுற இடம்: நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியிருக்கு. நடக்கறது என்னன்னா, வட்டியை விலையில தள்ளுபடியா காட்டிட்டு, வங்கி அதை இஎம்ஐ வழியா வாங்கிக்கும். 30,000 ரூபாய் டிவியை மாசம் 5,000 வீதம் ஆறு மாசம், வட்டி 16 சதவீதம்னு வச்சுக்கோங்க. அதுல ஒளிஞ்சிருக்கற வட்டி சுமார் 1,350. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சுமார் 243 உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ 199-ன்னா வரியோட 235. ஆக "இலவச" இஎம்ஐ-க்கு 480 ரூபாய் செலவு. பெரிய தொகை இல்லதான். ஆனா மொத்தப் பணம் கொடுத்தா கிடைக்கற கார்டு தள்ளுபடியை இழந்திருந்தா, நஷ்டம் அதைவிடப் பெருசு. ரெண்டு விலையையும் எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கரண்ட்? 43 இன்ச் டிவி 90 வாட், 27 இன்ச் மானிட்டர் 30 வாட்னு தோராயமா எடுத்துக்கலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாசம் 25 நாள். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே ரீடிங். டிவிக்கு சுமார் 40 யூனிட், மானிட்டருக்கு 13 அல்லது 14. வித்தியாசம் 27 யூனிட். யூனிட் ஆறு ரூபாய்னாலும் 160-தான். ஆனா உங்க வீட்டு ரீடிங் ஏற்கெனவே 480, 490-ல் நிக்குதுன்னா ஜாக்கிரதை. 500-ஐத் தாண்டினா ஸ்லாப் மாறி பில் குதிக்கும். சித்திரை வெயில்ல ஏசியும் ஓடற வீட்டுக்கு இது கண்டிப்பா பொருந்தும். இன்வெர்ட்டர் இருந்தா இந்த 90 வாட் அதுக்கு ஒரு பாரமே இல்ல, ஃபேன், வைஃபையோட சேர்த்து நிம்மதியா ஓடும்.

இந்த பில்லைக் காட்டி வரி குறைக்கலாமான்னா, சம்பளக்காரங்களுக்கு முடியாது. புது வரிமுறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எப்படியும் கிடைக்குது, அதுக்கு மேல தனியா கிடையாது. அதுக்குப் பதிலா கம்பெனியில "மானிட்டர் கொடுப்பீங்களா"ன்னு ஒரு மெயில் போடுங்க. பல கம்பெனிகள் கேட்டாத்தான் கொடுக்கும். கொடுத்தா உங்க முப்பதாயிரமும் மிச்சம்.

என் 50 இன்ச் இப்போ கீழே ஹால்ல இருக்கு. கார்த்திகை தீபத்தன்னிக்கு, வாசல்ல நின்னா மலை உச்சியில தீபம் தெரியற ஊர்ல, அப்பா அதையே நேரலையில டிவியில பார்க்கறார். அம்மாவுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கு. எனக்கு மாடியில 27 இன்ச் மானிட்டர். ரெண்டு செலவு. அதே 43 இன்ச் டிவியை ஆழமான மேஜை போட்டு என் சித்தப்பா பையனுக்கு செட் பண்ணிக் கொடுத்தேன், ரெண்டு வருஷமா ஒரு குறையும் சொல்லல.

கடைக்குப் போகும்போது உங்க லேப்டாப்பையும் கேபிளையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒரு எக்செல் ஷீட்ல கறுப்புப் பின்னணியில சிவப்பு, நீல எழுத்து அடிச்சு வச்சுக்கோங்க. இன்புட்டை பிசி-ன்னு மாத்தச் சொல்லி, மூணடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் படிங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் விதியை முழுசா படிச்சுட்டு ஆர்டர் போடுங்க. பெரிய டிவிகளுக்குப் பல இடத்துல மாத்திக் கொடுப்பாங்களே தவிர பணம் திரும்ப வராது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு: டெலிவரி தேதி பௌர்ணமியில விழாம பார்த்துக்கோங்க, கிரிவலக் கூட்டத்துல அந்த வண்டி ஊருக்குள்ள வந்த மாதிரிதான்.