எந்தக் காகிதம் டாக்டரைக் கட்டும்?

மனநல மருத்துவர் மேல் வழக்குப் போட என் பாளையங்கோட்டை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சிலர் கையில் ஜெராக்ஸ் கட்டு இருக்கும். இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் சிகிச்சை வழிகாட்டுதல். “இதுல போட்டிருக்கபடி செய்யலையே, அண்ணாச்சி?”

அது சட்டமில்லை. சங்கம் டாக்டர்களுக்குச் சொல்லும் யோசனை. மீறியதாலேயே குற்றமாகாது; ஆனால் கோர்ட்டில் காட்டினால், ஏன் விலகினேன் என்று டாக்டர் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் கேஸ் ஷீட்டிலேயே இருந்தால் பாதி வழக்கு போச்சு.

டாக்டர் அலட்சியமாக நடந்தாரா என்று கோர்ட் பார்க்கும் அளவுகோலே ஒரு மனநல மருத்துவமனையில் பிறந்ததுதான். 1954-இல் லண்டன் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் போலம் என்பவருக்குத் தசை தளர்த்தும் மருந்தில்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை கொடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த மருந்து தேவையா என்பதில் டாக்டர்களே இரண்டு கட்சி. பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அலட்சியம் ஆகாது என்று ஜூரியிடம் சொன்னார் நீதிபதி. 1957-இல் போலம் தோற்றார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டது.

இன்று நம்ம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் போலம் படுத்திருந்தால் கட்சிப் பேச்சுக்கே இடமில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, தசைத் தளர்ச்சி மருந்தும் மயக்க மருந்தும் இல்லாத மின்னதிர்வை அடியோடு தடுக்கிறது. சங்கிலி போடுவதையும்தான். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கட்டிப்போட்டபடியே 28 மனநோயாளிகள் தீயில் போனதை மறக்க முடியுமா?

சங்கத்தின் யோசனைக்கும் சட்டத்தின் தடைக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் திறனோடு இருக்கிறாரா என்று சோதிக்கும் முறையை நிபுணர் குழு ஒன்று வழிகாட்டு ஆவணமாக எழுத வேண்டும் என்கிறது 81-வது பிரிவு. டாக்டர் அதன்படிதான் நடக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்லிவிடுவதால், இதை யோசனை என்று ஒதுக்க முடியாது. சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எனக்குப் பிடித்தது 4-வது பிரிவு. அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர், “மகன் மாத்திரை வேண்டாம்ங்கான். புத்தி சரியில்லன்னு எழுதி வாங்கித் தாங்க” என்றார். அடுத்தவருக்குத் தப்பாகப் படும் முடிவை எடுத்தான் என்பதற்காக மட்டும் அவனுக்குத் திறன் இல்லை என்றாகாது என்று படித்துக் காட்டினேன்.

“அப்ப பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

இல்லை. தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் என்கிற அளவுக்கு நோய் முற்றினால் 89-வது பிரிவு இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம். அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வக்கீல் லெட்டர்பேடு அங்கே எடுபடாது என்று சொல்லி அனுப்பினேன்.