கனடாவின் கார்பன் வரி: பணம் யார் பையிலிருந்து போனது, தேசபக்தி எங்கிருந்து வந்தது?

ஸ்காபரோவிலோ பிராம்டனிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், கார்பன் வரி பற்றிய புலம்பலை ஒருமுறையாவது தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். நீங்களே அங்கே குடியிருப்பவர் என்றால் அதை ஆறு வருடம் கட்டியிருப்பீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரி இல்லை. சண்டை மட்டும் ஓயவில்லை. "எவ்வளவு செலவாகிறது?" என்று தொடங்கிய வாக்குவாதம் "யாருக்கு நாட்டுப்பற்று இருக்கிறது?" என்பதில் வந்து நிற்கிறது.

முதலில், அது என்ன வரி?

பெட்ரோல், டீசல், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு எதை எரித்தாலும் கரியமில வாயு வெளியேறும். அதன் அளவுக்கேற்ப எரிபொருள் விலையில் ஒரு தொகையைக் கூட்டினால் மக்கள் எரிப்பதைக் குறைப்பார்கள் என்பது யோசனை. ஒரு டன் வாயுவுக்கு இத்தனை டாலர் என்று கணக்கு. 2019 இல் 20 டாலரில் தொடங்கியது, 2024 ஏப்ரலில் 80 டாலர் ஆனது. 2030 இல் 170 டாலரைத் தொட வேண்டும் என்பது திட்டமாக இருந்தது.

ஜஸ்டின் ட்ரூடோ அரசு 2018 இல் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. சொந்தத் திட்டம் வைத்திருந்த மாகாணங்களை மத்திய அரசு தொடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2008 இலேயே இப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டது. கியூபெக்கிலும் தனி ஏற்பாடு இருந்தது. ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில்தான் மத்திய அரசு நேரடியாக வசூலித்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

சரி, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆனது?

2024 விலையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 17.61 சென்ட். எரிவாயுவுக்கு ஒரு கன மீட்டருக்கு 15.25 சென்ட். ஒன்டாரியோவில் இதன் தலையில் 13 சதவீத விற்பனை வரியும் ஏறியது, அதாவது வரிக்கு வரி. இந்த ஒரு விஷயத்தில் புலம்பியவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே கார், வாரம் 50 லிட்டர் பெட்ரோல். வீட்டைச் சூடாக்க வருடத்துக்கு 2,000 கன மீட்டர் எரிவாயு. பெட்ரோலில் 458 டாலர், எரிவாயுவில் 305 டாலர், விற்பனை வரியோடு மொத்தம் சுமார் 862 டாலர்.

அந்தப் பணம் எங்கே போனது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வசூலான பணத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பி வந்தது. ஒன்டாரியோவில் நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டாலர், வருடத்துக்கு 1,120 டாலர். மேலே சொன்ன வீட்டுக்கு 258 டாலர் மிச்சம்.

அதே வீட்டில் இன்னொரு கார், அதற்கும் வாரம் 50 லிட்டர் என்று வையுங்கள். செலவு 1,379 டாலர் ஆகிவிடும். இப்போது 259 டாலர் கைநஷ்டம். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் "எனக்கு லாபம்", "எனக்கு நஷ்டம்" என்று சொன்னால் இருவருமே உண்மையைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பேருந்தில் வேலைக்குப் போகிறவருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் காரில் திரும்புகிறவருக்கும் ஒரே கணக்கு வராது.

அப்படியானால் ஏன் எல்லோரும் நஷ்டம் என்றே நினைத்தார்கள்?

செலவு தினமும் கண்ணில் பட்டது, வரவு படவில்லை. பெட்ரோல் விலைப் பலகையைப் பார்க்காமல் யாரும் தெருவைக் கடக்க முடியாது. திருப்பித் தரும் பணமோ முதலில் வருடத்துக்கு ஒருமுறை வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது. 2022 இல்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போட ஆரம்பித்தார்கள். அப்போதும் வங்கிக் கணக்கில் அது என்ன பணம் என்று புரியாத பெயரில் விழுந்தது. பெயரைத் தெளிவாகக் காட்டுங்கள் என்று வங்கிகளிடம் அரசு மன்றாட வேண்டியிருந்தது. 2024 இல் அந்தப் பணத்தின் பெயரையே மாற்றினார்கள். காலம் கடந்திருந்தது.

எதிர்த்தரப்பு இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2019 இல் ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு, வரி எப்படி ஏறும் என்று காட்டும் ஸ்டிக்கரை ஒவ்வொரு பெட்ரோல் பம்பிலும் ஒட்டச் சொன்னது. ஒட்டாவிட்டால் அபராதம். திரும்பி வரும் பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பசை சரியில்லாமல் ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்தன என்பது தனிக் கூத்து. 2020 இல் நீதிமன்றம், கடைக்காரரின் வாயில் அரசியலைத் திணிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

வரிக்கு உண்மையில் குழி தோண்டியது, என் கணிப்பில், ட்ரூடோ அரசேதான். 2023 அக்டோபரில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருடம் வரி கிடையாது என்று அறிவித்தார்கள். அந்த எண்ணெயை அதிகம் எரிப்பது ஆளுங்கட்சி எம்.பி.க்கள் நிறைய இருந்த அட்லாண்டிக் கரை மாகாணங்கள். எரிவாயுவால் சூடாக்கும் ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா வீடுகளுக்குச் சலுகை இல்லை. பூமிக்காகக் கட்டச் சொன்ன வரியை ஓட்டுக்காகத் தளர்த்தலாம் என்று அரசே காட்டிக்கொடுத்தபின் யார் நம்புவார்கள்? சஸ்காச்சுவன் மாகாணம் எரிவாயுவுக்கான வரியை வசூலிப்பதையே நிறுத்திவிட்டது.

நிபுணர்கள் என்னதான் சொன்னார்கள்?

நாடாளுமன்ற நிதி அலுவலர் (அரசின் கணக்குகளைச் சுதந்திரமாக ஆராய்பவர்) 2023 இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. கட்டிய வரியையும் வாங்கிய பணத்தையும் மட்டும் ஒப்பிட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம். வேலை, சம்பளம், முதலீடு ஆகியவற்றில் ஏற்படும் பாதிப்பையும் சேர்த்தால் பலருக்கு நஷ்டம். ஆளுங்கட்சி முதல் பாதியை மட்டும் படித்தது, எதிர்க்கட்சி இரண்டாம் பாதியை மட்டும். பிறகு 2024 இல், தொழிற்சாலைகள் மீதான கார்பன் கட்டணத்தையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டதாக அலுவலகமே ஒப்புக்கொண்டது. திருத்திய கணக்கில் நஷ்டம் வெகுவாகக் குறைந்தது. அதற்குள் பழைய எண்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன.

இதில் தேசபக்தி எங்கே வந்தது?

கனடாவின் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி ஆல்பர்ட்டாவிலிருந்து வருகிறது. அங்கே எண்ணெயை எதிர்ப்பவர்களை நாட்டுக்கு எதிரானவர்களாகக் காட்டுவது பழைய வழக்கம். 2019 இல் முதல்வர் ஜேசன் கென்னி, வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு ஆல்பர்ட்டாவின் எண்ணெய்க்கு எதிராக வேலை செய்வது யார் என்று கண்டுபிடிக்க விசாரணை ஆணையமே அமைத்தார். 2021 இல் வந்த அறிக்கை, வெளிநாட்டு நன்கொடைகள் வந்தது உண்மை, ஆனால் சட்டவிரோதமாக யாரும் எதுவும் செய்யவில்லை என்றது. எண்ணெய்த் தொழிலுக்காகப் பிரசாரம் செய்ய அதே அரசு தொடங்கிய நிறுவனம், தன் சின்னம் ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் சின்னத்தைப் போலவே இருப்பதாகச் சர்ச்சை கிளம்பியதும் அதை மாற்ற வேண்டியதாயிற்று.

மறுதரப்பும் நாட்டுப்பற்றைத்தான் பேசியது. 2023 இல் வரலாறு காணாத காட்டுத்தீயில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. நாட்டை நேசிப்பவன் அதன் காட்டையும் காற்றையும் காக்க வேண்டாமா என்று கேட்டார்கள்.

"உலக வெளியேற்றத்தில் கனடாவின் பங்கு ஒன்றரை சதவீதம்தானே, நாம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. கனடா மட்டும் குறைத்தால் தீ நிற்காது என்பது உண்மை. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கனடியர் உலகில் மிக அதிகமாக வெளியேற்றுபவர்களில் ஒருவர் என்பதும் உண்மை. எந்த எண்ணை முன்னால் வைக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் பேசுகிறவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

2025 இல் என்ன நடந்தது?

மீண்டும் அமெரிக்க அதிபராகத் தேர்வான டொனால்ட் டிரம்ப், கனடியப் பொருட்கள் மீது கூடுதல் வரி போடுவேன், கனடாவை 51 ஆவது மாநிலமாக்குவேன் என்றார். பதிலடியாக அமெரிக்காவுக்குப் போகும் எண்ணெயையும் ஆயுதமாகப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. ஜனவரியில் முதல்வர்களின் கூட்டத்துக்கு டக் ஃபோர்டு, கனடா விற்பனைக்கல்ல என்று எழுதிய தொப்பியோடு வந்தார். ஆல்பர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித் மட்டும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். எண்ணெயை நிறுத்தினால் அடி விழுவது தன் மாகாணத்துக்குத்தான் என்பது அவர் வாதம். துரோகம் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

அவர் பக்கம் ஒரு வலுவான உண்மை உண்டு. ஒன்டாரியோ சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரும் ஆல்பர்ட்டாவின் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் வழியாகச் செல்லும் குழாயில்தான் வருகிறது. முழுக்கக் கனடா மண்ணிலேயே கிழக்கே கொண்டுபோகும் குழாய்த் திட்டம் ஒன்று கியூபெக்கின் கடும் எதிர்ப்புக்கு நடுவே 2017 இல் கைவிடப்பட்டது. "அன்று வேண்டாம் என்றவர்கள் இன்று தேசபக்தி பேசுகிறார்களே" என்று ஆல்பர்ட்டாக்காரர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை.

வரி எப்படிப் போனது?

வரியை வெட்டுவோம் என்று எதிர்க்கட்சித் தலைவர் பியேர் பொலியேவ் இரண்டு வருடமாக முழங்கிக்கொண்டிருந்தார். ட்ரூடோவுக்குப் பின் 2025 மார்ச் 14 அன்று பிரதமரான மார்க் கார்னி, பதவியேற்ற அன்றே வரியைப் பூஜ்யமாக்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். கார்னி ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலைத் தூதராக இருந்தவர், கார்பனுக்கு விலை வேண்டும் என்று பல வருடம் வாதிட்டவர். பொலியேவின் கோஷம் ஒரே கையெழுத்தில் செல்லாக்காசானது. அடுத்த மாதத் தேர்தல் நாட்டின் இறையாண்மையைப் பற்றியதாக மாறியது. கார்னியின் கட்சி ஜெயித்தது, பொலியேவ் தன் தொகுதியிலேயே தோற்றார்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாட்டுக்கே ஆபத்து என்ற பேச்சு வந்ததும் முதலில் பலியிடப்பட்டது, மக்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்த செலவு. அந்த வரி பயன் தந்ததா இல்லையா என்ற வாதத்தை யாரும் முடித்துவைக்கவில்லை, ஓரமாக நகர்த்திவிட்டார்கள்.

அப்படியென்றால் கார்பன் கட்டணமே இல்லையா?

இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் மீதான கட்டணம் தொடர்கிறது. ஓர் அளவு நிர்ணயித்து, அதைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் பணம் கட்ட வைப்பது அதன் முறை. இரும்பு, சிமென்ட், உரம் ஆகியவற்றின் விலை வழியாக அது கொஞ்சம் உங்களிடமும் வரலாம். ரசீதில் தனி வரியாகத் தெரியாது, திருப்பித் தரும் பணமும் கிடையாது. கண்ணில் படாததால்தான் அது பிழைத்திருக்கிறது. 2025 நவம்பரில் கார்னியும் ஸ்மித்தும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: மேற்குக் கரைக்குப் புதிய எண்ணெய்க் குழாய்க்கு ஆதரவு, பதிலுக்கு ஆல்பர்ட்டாவில் தொழிற்சாலைக் கட்டணம் டன்னுக்கு 130 டாலருக்கு உயரும். அதே நாளில், முன்பு சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஸ்டீவன் கில்போ அமைச்சரவையிலிருந்து விலகினார்.

உங்களுக்கு இனி என்ன மாற்றம்?

எரிபொருள் மீதான கார்பன் வரி போனதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பணமும் நின்றுவிட்டது. ஒரே கார் வைத்து 258 டாலர் மிச்சம் பிடித்த அந்த வீடு இப்போது அந்த மிச்சத்தை இழந்திருக்கிறது. வரி நீங்கியது எல்லோருக்கும் லாபம் என்று யாராவது சொன்னால், உங்கள் சொந்தப் பெட்ரோல் ரசீதையும் எரிவாயு பில்லையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசித் தவணை 2025 ஏப்ரல் 22 அன்று வங்கிகளில் போடப்பட்டது. 2024 ஆம் ஆண்டு வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இருந்தவர்களுக்கு அது வந்திருக்காது. தாமதமாகத் தாக்கல் செய்தாலும் தகுதி இருந்தால் கிடைக்கும். ஆனால் 2026 அக்டோபர் 30 க்குப் பின் வரும் கணக்குகளுக்கு அந்தப் பணம் இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். வீட்டில் ஆங்கிலப் படிவத்தைக் கண்டு தள்ளிப்போடும் பெரியவர்கள் இருந்தால், கூட உட்கார்ந்து அந்தக் கணக்கை முடித்துக் கொடுங்கள்.