டெலிவிஷன் அலைகளைப் பெறும் விதம்: பில்ஸ்டேல் ஸ்தம்பம் கற்பித்த அனுபவம்

வட இங்கிலாந்தில், யார்க்ஷயரின் வடபாகத்தில், நார்த் யார்க் மூர்ஸ் என்னும் விசாலமான மேட்டுநிலம் இருக்கிறது. மேலே ஹெதர் என்னும் குத்துச்செடி அடர்ந்த மேய்ச்சல் வெளி. அதைக் கீறிக்கொண்டு செல்லும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளிலே கல்லாற் கட்டிய பண்ணை வீடுகள். ஆடு வளர்ப்பே அங்குள்ள குடியானவர்களின் முக்கிய ஜீவனம். இம்மேட்டின் மீது பில்ஸ்டேல் என்னுமிடத்தில் 1969-ம் வருஷத்தில் நாட்டப்பெற்ற 314 மீட்டர், அதாவது சுமார் 1,030 அடி, உயரமுள்ள எஃகு ஸ்தம்பம் ஒன்று இருந்தது. அச்சுற்றுவட்டாரத்திற்கும், வடக்கேயுள்ள டீஸ்சைடு நகரங்களுக்கும், டர்ஹம் ஜில்லாவின் பெரும்பகுதிக்கும் டெலிவிஷன் அலைகளை வீசிவந்தது அந்த ஒரே ஸ்தம்பமேயாகும். 2021-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி பகலில் அதில் தீப்பற்றிற்று. லக்ஷக்கணக்கான வீடுகளில் ஒரே கணத்தில் படம் மறைந்தது.

இதனால் குடியானவர்களுக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். அந்நாட்டில் மழையும் வெயிலும் நாளொரு விதமாய் மாறுவன. புல்லை அறுத்து உலர்த்துவதற்கு மூன்று நான்கு நாள் தொடர்ந்த வெயில் வேண்டும். 1988 முதல் பி. பி. சி. நடத்திவரும் 'கன்ட்ரிபைல்' என்னும் நிகழ்ச்சியில் வரும் வாரத்தின் வானிலையைக் குடியானவர்களுக்கென்றே விவரித்துச் சொல்வதுண்டு. அதைக் கேட்டே அறுப்பு நாளைக் குறிப்பவர் பலர். பள்ளத்தாக்குகளில் இண்டர்நெட் வேகம் குறைவு. சில இடங்களில் கைப்பேசியும் எட்டாது. தனியே வசிக்கும் முதியோர்க்கோ மாலை வேளையில் டெலிவிஷன் ஒன்றுதான் துணை. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்குச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஸ்தம்பம் எரிந்த பின் அவ்வூரார் செய்தவற்றுள் சரியானவையும் பிசகானவையும் உண்டு. இரண்டும் ஆராயத்தக்கவை, டிஜிட்டல் அலைகளை வாங்கும் தந்திரம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

முதலில், அனுப்பப்படுவது இன்னதென்று அறியவேண்டும். பழைய முறையில் படத்தின் ஒளியும் நிழலும் அலையின் ஏற்றத்தாழ்வாகவே நேரே அனுப்பப்பட்டன. புதிய முறையில் படமும் ஒலியும் முதலில் எண்களாக மாற்றப்பட்டு, பிறகு அவ்வெண்கள் அலையில் ஏற்றப்படுகின்றன. பிரிட்டனில் இம்முறை 1998 நவம்பரில் ஆரம்பமாயிற்று. பில்ஸ்டேலில் பழைய முறை 2012 செப்டம்பரில் அடியோடு நிறுத்தப்பட்டது. முன்பு ஒரு நிகழ்ச்சிக்கு வேண்டியிருந்த அலைவெளியில் இப்பொழுது பத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளைக் கட்டாய்க் கட்டி அனுப்ப முடிகிறது. அவ்விதக் கட்டு ஒவ்வொன்றிலும் எண்கள் எல்லாம் ஒரே அலைமீது ஏறிச் செல்வதில்லை. சாதாரணக் கட்டு ஒன்றில் 6,817 நுண்ணிய அலைகள் அவற்றைப் பகிர்ந்து சுமக்கின்றன. சில வழியில் கெட்டாலும் மற்றவை வந்து சேரும். அன்றியும் அனுப்பும் எண்களில் மூன்றில் ஒரு பங்கு, கெட்டுப்போனவற்றை ஈடுசெய்வதற்கென்றே மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. நடவு வயலில் பட்டுப்போன குத்துக்களை நிரப்புவதற்காக நாற்றங்காலில் மிகுதி நாற்று விட்டுவைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வேற்பாட்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. மலைச்சரிவில் மோதித் திரும்பிவரும் அலை, நேரே வரும் அலைக்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேரும். பழைய முறையில் அது படத்தின் பக்கத்தில் ஓர் ஆவியுருவைப் போல் தோன்றும். புதிய முறையில் ஒவ்வொரு தொகுதி எண்களுக்கும் நடுவே செகண்டில் பத்துலக்ஷத்தில் 28 பங்கு நேரம் காலியாக விடப்படுகிறது. அந்நேரத்தில் அலை சுமார் 5 மைல் செல்லும். ஆகையால் திரும்பிவரும் அலை அதற்குட்பட்ட தூரமே சுற்றி வந்ததாயின் தீங்கு செய்வதில்லை.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அதை அறியாமையே பெரும்பாலோர் சங்கடப்படுவதற்குக் காரணம். பழைய முறையில் அலை பலங்குறையக் குறையப் படத்தில் பனித்துளி போன்ற புள்ளிகள் மிகும். மங்கலாயினும் பார்க்கலாம், பிசகு நேர்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டலில் அப்படியன்று. ஈடுசெய்யக்கூடிய எல்லைவரை படம் பழுதின்றித் தெளிவாயிருக்கும். அவ்வெல்லையைக் கடந்ததும் சிறு சதுரங்களாய்ச் சிதறி, உறைந்து, பின்பு ஒன்றுமே இராது. பாறையின் விளிம்பு வரை சமதரையில் நடந்துவந்தவன் அடுத்த அடியில் விழுவதை ஒத்தது இது. நன்றாய்த் தெரிகிற படம் எல்லைக்கு வெகுதூரத்தில் இருக்கிறதா, ஓரடி தூரத்தில் இருக்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி சிதறும் வீடுகள் விளிம்பில் நிற்பவையே. டெலிவிஷன் பெட்டியில் அலையின் பலத்தையும் தரத்தையும் தனித்தனியே காட்டும் அளவுகோல் உண்டு. இரண்டில் தரமே முக்கியமாகக் கவனிக்கவேண்டியது.

இனி, அலைகளை வாங்கும் ஏரியலைப் பற்றிக் கூறுவோம். கூரைமேல் மீன்முள் போல் நிற்கும் இக்கருவியை ஜப்பான் தேசத்து ஆசிரியர்களான உடா, யாகி என்பவர்கள் 1926-ல் வெளியிட்டார்கள். அலையைப் பிடிப்பது ஒரு கோல் மட்டுமே. அதிலிருந்துதான் கம்பி இறங்குகிறது. பின்னாலுள்ள தகடு அலையைத் திருப்பித் தரும். முன்னாலுள்ள சிறு கோல்கள் அலையைக் கூட்டிச் சேர்க்கும். பிரிட்டனில் இப்பொழுது டெலிவிஷனுக்கு உபயோகமாகும் அலைகளின் நீளம் உத்தேசமாக 17 அங்குலம் முதல் 25 அங்குலம் வரை. பிடிக்கும் கோல் அதில் ஏறக்குறைய பாதி நீளம் இருக்கவேண்டுமாதலால், ஒரு அலைநீளத்திற்கென்று செய்த ஏரியல் மற்றொன்றிற்கு அவ்வளவாக உதவாது. இதன்பொருட்டு அங்கே ஏரியல்களை வகுப்புகளாகப் பிரித்து, தண்டின் முனையிலுள்ள மூடிக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள்: 'ஏ' வகுப்பிற்குச் சிவப்பு, 'பி' வகுப்பிற்கு மஞ்சள், எல்லாவற்றிற்கும் பொதுவானதற்குக் கறுப்பு.

பில்ஸ்டேலின் பழைய சானல்கள் சிவப்பு வகுப்பைச் சேர்ந்தவை. அதனால் ஸ்தம்பம் எரிந்தபின் சிலர் ஏரியலைத் தெற்கேயுள்ள எம்லி மூர் கோபுரத்தின் பக்கம் திருப்பியும் பயன் காணவில்லை. எம்லி மூரின் முக்கிய சானல்கள் அவ்வகுப்பிற்கு மேற்பட்டவை. திசை சரியாயிருந்தும் கருவி பொருந்தவில்லை. கறுப்பு முனை ஏரியல் உடையவர்களுக்கும், வடக்கே பான்டாப் பைக் ஸ்தம்பத்தை நோக்க வசதியுள்ள மேட்டு வீடுகளுக்கும் அதிர்ஷ்டம் இருந்தது.

திசையைப்போலவே கோல்களின் கிடையும் கவனிக்கத்தக்கது. பெரிய ஸ்தம்பங்களிலிருந்து வரும் அலைகளுக்குக் கோல்கள் தரைக்குச் சமமாய்ப் படுத்திருக்கவேண்டும். பள்ளத்தாக்குகளுக்கென்று அமைத்த சிறு உபஸ்தம்பங்கள் பெரும்பாலானவற்றிற்குக் கோல்கள் நிமிர்ந்து நிற்கவேண்டும். அயல்வீட்டாரின் ஏரியல் எப்படி நிற்கிறதென்று தெருவில் நின்று பார்த்தாலே இது விளங்கிவிடும். உபஸ்தம்பங்கள் பலவும் பெரிய ஸ்தம்பத்தின் அலையை வாங்கியே மறுபடி வீசுகின்றன. ஆகையால் பில்ஸ்டேல் அணைந்ததும் அதை நம்பிய உபஸ்தம்பங்களும் ஊமையாயின. ஸ்தம்பத்திற்குச் சமீபத்திலேயே, ஆனால் ஆழ்ந்த பள்ளத்தில் உள்ள பண்ணைகளைவிட வெகுதூரத்துச் சமவெளி வீடுகள் நல்ல படம் பெறுவது சாதாரணம். விளக்கடியில் இருள் என்பது இங்கே மெய்யே. அலை நேர்க்கோட்டில் செல்வது. குன்றின் முதுகு குறுக்கிட்டால் நிழல் விழும். மேட்டின் பக்கமாக ஏரியலை நாலைந்து அடி நகர்த்துவதாலேயே பலன் கிடைப்பதுண்டு. இலைகள் அடர்ந்த மரமும், முக்கியமாய் மழையில் நனைந்த மரமும், அலையை விழுங்கும். குளிர்காலத்தில் இலையுதிர்ந்திருக்கும்போது ஏரியலை நிறுத்தியவர் வசந்தத்தில் ஏமாறுவார்.

ஏரியலைத் திருப்பும்போது பொறுமை அவசியம். பழைய நாளில் கூரைமேல் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் "போதும்" என்று கூவினால் வேலை முடிந்தது. டிஜிட்டல் பெட்டியோ எண்களைச் சேர்த்துப் படமாக்கச் சில செகண்டுகள் எடுத்துக்கொள்ளும். சிறிது திருப்பி, நிறுத்தி, அளவுகோலைப் பார்த்து, மறுபடி சிறிது திருப்பவேண்டும்.

ஏரியலிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளில் ஏற்படும் சேதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. நல்ல கேபிளிலேயே 30 மீட்டர் தூரத்தில் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. தொழுவத்தைச் சுற்றி இழுத்துச் சென்ற பழைய கேபிளில், அதிலும் மழைநீர் இறங்கியதில், இன்னும் அதிகம் போகும். இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் ஆம்ப்ளிபயரை வாங்கிப் பெட்டியின் பின்னால் மாட்டுகிறார்கள். இது வீண்செலவு என்பதே எமது அபிப்பிராயம். கேபிளில் அலை தேய்ந்து இரைச்சலோடு கலந்த பின்பு பெருக்கினால், இரைச்சலும் கூடவே பெருகும். பெருக்குவதானால் ஏரியலின் அருகிலேயே, அலை தேயுமுன் பெருக்கவேண்டும். ஸ்தம்பமே அணைந்திருக்கும்போது எவ்வித ஆம்ப்ளிபயரும் பிரயோஜனப்படாது. வற்றிப்போன கிணற்றில் பெரிய பம்பு வைத்தால் நீர் வருமா?

இதைவிட அதிகமாய் நேர்ந்த பிசகு மற்றொன்று. படம் மறைந்ததும் பலர் பெட்டியைத் திரும்பச் சானல் தேடும்படி செய்தார்கள். பெட்டியானது முன் நினைவில் வைத்திருந்த சானல்களை அழித்துவிட்டுத் தேடும். அலை இல்லாததால் ஒன்றும் அகப்படாது, அல்லது தூரத்து ஸ்தம்பம் ஒன்றின் பலமற்ற சானல் அகப்படும். பிறகு அலை திரும்பி வந்தாலும் பெட்டிக்கு அது தெரியாது. அலை போயிருக்கும்போது சானல் தேடக்கூடாது. அலை வந்தபின், சானல்கள் மாறியிருந்தால் மட்டும் தேடவேண்டும்.

ஸ்தம்பம் பழுதில்லாதபோதும் சில நாட்களில் படம் சிதறுவதுண்டு. காற்றழுத்தம் மிகுந்து, தரையோரத்தில் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பமான காற்றும் படிந்து நிற்கும்போது, நெடுந்தூரத்து ஸ்தம்பங்களின் அலைகள் வளைந்துவந்து உள்ளூர் அலையோடு மோதும். புல் உலர்த்துவதற்கு ஏற்ற தெளிந்த நாட்களே பெரும்பாலும் இவ்விதம் படம் கெடும் நாட்கள்! வானிலை சொல்லும் பெட்டி பேசாதிருப்பதே நல்ல வானிலைக்கு அடையாளமென்று வேடிக்கையாகக் கொள்ளலாம். இதற்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஓரிரு நாளில் தானே சரியாகும். கைப்பேசிக் கோபுரங்களால் நேரும் தொல்லை வேறு. முன்பு டெலிவிஷனுக்கு இருந்த அலைவெளியின் மேற்பகுதி இரு தடவைகளில் கைப்பேசிகளுக்கு விடப்பட்டது. இரண்டாவது மாற்றம் 2020-ல் முடிவடைந்தது. கைப்பேசிக் கோபுரத்திற்கு அருகிலுள்ள வீடுகளில் அவ்வலையைத் தடுக்கும் சிறு வடிகட்டியை ஏரியல் கேபிளில் மாட்டினால் போதும்.

பில்ஸ்டேலில் மேற்கொண்டு நடந்தது வருமாறு. எரிந்த ஸ்தம்பத்தின் உறுதி சந்தேகமானதால் அருகே செல்ல இயலவில்லை. மேட்டுநிலத்தில் வேறொரு இடத்தில் 80 மீட்டர் உயரமுள்ள தற்காலிக ஸ்தம்பம் நிறுத்த ஏற்பாடாயிற்று. அந்நிலத்திற்குள் செல்லும் வழியைப்பற்றிய தகராறு நியாயஸ்தலம் வரை சென்று காலதாமதம் உண்டாக்கிற்று. பழைய ஸ்தம்பத்தை அக்டோபர் 6-ந் தேதி வெடிவைத்துச் சாய்த்தார்கள். 13-ந் தேதி தற்காலிக ஸ்தம்பம் வேலை செய்யத் தொடங்கி, பெரும்பாலான வீடுகளுக்குப் படம் திரும்பிற்று. எனினும் உயரம் நாலில் ஒரு பங்கேயாதலால், முன்பு ஸ்தம்பத்தின் நுனி தெரிந்த பள்ளத்தாக்குகள் சில இருளிலேயே இருந்தன. அங்குள்ளோர் பலர் ஆகாயத்தில் தென்கிழக்கே நிற்கும் செயற்கைக் கிரகத்தை நோக்கி டிஷ் வைத்துக்கொண்டார்கள். அப்பக்கம் குன்று மறைக்காத வீட்டிற்கு அது நல்ல வழியே.

சுமார் 300 மீட்டர் உயரமுள்ள புது ஸ்தம்பம் 2023-ல் வேலைக்கு வந்தது. பிரிட்டனில் தரைவழி டெலிவிஷன் 2034 வரையிலாவது நடைபெறுமென்று ஏற்பாடாகியிருப்பதால், கூரைமேலுள்ள ஏரியலைக் கழற்றி எறிய அவசரமில்லை. இடைக்காலத்தில் வேறு கோபுரத்தின் பக்கம் திருப்பியவர்கள் அதைப் பில்ஸ்டேலை நோக்கி மீண்டும் திருப்பி, அதன் பிறகே பெட்டியைச் சானல் தேடும்படி செய்யவேண்டும். இம்முறையை மாற்றிச் செய்தவர்களின் பெட்டியில் வேறு பிராந்தியத்துச் செய்திகளும் வானிலையுமே வந்துகொண்டிருக்கும்.