வரவை எழுதாத மனக்கணக்கு

மாலை மணி 6. அலுவலகம் கலைகிற நேரம். "நாளைக் காலை வந்ததும் என்னைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பிவிடுகிறார்.

மும்பை தாராவியில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் குமாஸ்தாவுக்கு அத்தோடு நிம்மதி போயிற்று. சயான் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. "ஏதோ தப்பு நடந்திருக்கிறது. மெமோ கொடுப்பார். வேலை போகும். ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. தங்கை கல்யாணம் நின்றுவிடும்."

சாப்பாடு இறங்கவில்லை. இரவு முழுவதும் புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

மறுநாள் அதிகாரி நீட்டியது மெமோ அல்ல. மதுரையில் இருந்து வந்த தமிழ்க் கடிதம். "இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார்!

இது ஓர் உதாரணம்தான். ஆனால் இப்படி ஓர் இரவைக் கழிக்காதவர்கள் குறைவு. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எப்போதாவது வந்தால் பரவாயில்லை. அதுவே பழக்கமாகிவிட்டால் உடம்பும் கெடும், வேலையும் கெடும்.

டாக்டர் கண்ட உண்மை

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் (1921-2021), 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்து வந்தார். அவர்கள் மனதில் சில எண்ணங்கள் கூப்பிடாமலே வருவதையும், அவற்றை அவர்கள் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிடுவதையும் கண்டார்.

அந்த எண்ணங்கள் மூன்று வகை. "நான் லாயக்கற்றவன்" என்பது தன்னைப் பற்றியது. "எல்லாரும் எனக்கு எதிரி" என்பது உலகத்தைப் பற்றியது. "இனி விடிவே இல்லை" என்பது எதிர்காலத்தைப் பற்றியது.

செலவை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் விடும் கணக்கப்பிள்ளையைப் போல மனம் நடந்துகொள்கிறது. பத்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்தது கணக்கில் ஏறுவதில்லை. என்றோ செய்த ஒரு பிழை மட்டும் ஏறுகிறது.

சொந்த ஊர் என்றால், "போடா, ஒன்றும் இருக்காது" என்று சொல்ல அண்ணனோ மாமாவோ இருப்பார்கள். வெளிமாநிலத்தில் அந்த வார்த்தை கிடைப்பதில்லை. சிலர் பாட்டிலைத் தேடுகிறார்கள். அது தூக்கத்தையும் கெடுத்து, சோர்வையும் கூட்டும்.

காகிதத்தில் தணிக்கை

வழி எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நடந்தது என்ன, மனம் சொல்வது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று நாலு பத்தி போட்டு எழுத வேண்டும்.

அந்தக் குமாஸ்தா எழுதியிருந்தால் இப்படி இருக்கும். நடந்தது: அதிகாரி வரச் சொன்னார். மனம் சொல்வது: வேலை போகும். ஆதாரம்: ஒன்றும் இல்லை. எதிர் ஆதாரம்: இதற்கு முன்பும் பலமுறை கூப்பிட்டிருக்கிறார், வேலை போகவில்லை.

எழுதிப் பார்த்தால் பேய் பாதி சிறுத்துவிடும். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பழக்கம் மாறும்.

'எல்லாம் நல்லதே நடக்கும்' என்று கண்ணை மூடிக்கொள்வதல்ல இது. வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அது நிஜமான கவலை. அதற்கு நாளைக்கு யாரைப் பார்ப்பது, எவ்வளவு கட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது டாக்டர்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மற்றபடி, அந்தக் குமாஸ்தா அன்று மாலையே, "என்ன விஷயம், சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓர் இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.