பிரதிக்குப் பிரதி தேயாமல் இருக்க

காஸெட் காலத்துக் குடும்பங்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஊரில் நடந்த கல்யாணத்துக்கு ஒரு வீடியோ காஸெட் இருக்கும். இரண்டு டெக்குகளை இணைத்துப் பிரதி எடுத்து மும்பைக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து டெல்லியிலுள்ள சித்தப்பாவுக்கு ஒன்று, அவரிடமிருந்து பிலாய்க்கு ஒன்று. பிலாய் போய்ச் சேர்வதற்குள் மணப்பெண்ணின் கூறைப்புடவை என்ன நிறம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நம்பினோம். அது பாதிதான் உண்மை. ஒரு ஃபைலை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் செய்தால் அணுவளவும் மாறாது. ஆனால் ஒரு மென்பொருளில் அதைத் திறந்து மறுபடி 'எக்ஸ்போர்ட்' செய்தால் கிடைப்பது நகல் அல்ல, புதிதாகச் சுருக்கி எழுதப்பட்ட வேறொன்று. காஸெட் கதை அங்கே மீண்டும் தொடங்கிவிடுகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், தாத்தாவின் சதாபிஷேகத்தில் காட்டுவதற்காக ஒரு படம் தயாரித்தாள். கையில் இருந்தது 1993ல் கும்பகோணத்தில் நடந்த அத்தை கல்யாணத்தின் காஸெட். இன்று இல்லாத பாட்டி நடமாடிப் பேசுவது அந்த ஒன்றில் மட்டும்தான். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016ல் நிறுத்திவிட்டது. ஆகவே ஒருமுறை நல்லபடியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றியதைக் கெடுக்காமல் காப்பது முக்கியம். அவள் ப்ரீமியர் ப்ரோவில் வெட்டி ஒட்டி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீறல்களை நீக்கிப் பெயர்களைச் சேர்த்து, திரும்பவும் ப்ரீமியருக்குக் கொண்டுவர வேண்டும். "ஒவ்வொரு தடவையும் எம்பி4ஆக எடுத்தால் போதாதா, மாமா?" என்று கேட்டாள். போதாது.

எம்பி4 ஃபைல்களுக்குள் பெரும்பாலும் இருப்பது 2003ல் வந்த எச்.264 என்ற சுருக்கமுறை. அது எல்லாப் படங்களையும் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், இடையில் மாறியவை மட்டும். நிறத்தையும் வழக்கமாக நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்றுதான் குறித்துக்கொள்கிறது. ஒளியின் ஏற்ற இறக்கத்துக்கு 256 படிகள். பார்ப்பதற்கு இது தாராளம். மறுபடி சுருக்கும்போது, ஏற்கெனவே கழித்த மிச்சத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கழிகிறது. சேதம் முதலில் தெரிவது ஓமப்புகையில்தான். புகை கட்டம் கட்டமாக உடையும். பிறகு ஜரிகை, பிறகு பந்தலின் இருட்டு மூலை.

இரு மென்பொருள்களுக்கு இடையே கொடுக்கல் வாங்கலுக்கென்றே வேறு வகைகள் இருக்கின்றன. ஆப்பிள் 2007ல் கொண்டுவந்த ப்ரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகிய இரண்டும் பிரபலம். இவற்றில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும். 10 பிட் வகையில் ஒளிக்கு 1024 படிகள். கறாராகச் சொன்னால் இவையும் சுருக்கத்தான் செய்கின்றன, ஆனால் நாலைந்து முறை போய்வந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் புலப்படாது.

இதற்கு விலை, இடம். முழு எச்டி அளவில், நொடிக்கு 25 படம் என்றால், ப்ரோரெஸ் 422 எச்க்யூ நொடிக்கு 184 மெகாபிட் கேட்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 83 ஜிபி. பயப்பட வேண்டாம். முழுக் கல்யாணத்தையும் அனுப்புவானேன்? கீறல் விழுந்த 40 நொடிகளை மட்டும் அனுப்பினால் ஒரு ஜிபிகூட ஆகாது. பழைய காஸெட்டின் படம் இன்னும் சிறியது.

பின்னணி இல்லாத எழுத்துகளுக்கு ப்ரோரெஸ் 4444 வேண்டும். அது ஊடுருவித் தெரியும் தன்மையையும் சுமந்து வரும். துளியும் இழப்பு கூடாது என்றால் பிஎன்ஜி படங்களின் வரிசையாக எடுக்கலாம். நம் ஊர் மின்வெட்டில் வேலை பாதியில் நின்றாலும் அதுவரை முடிந்த படங்கள் பத்திரம். ஒலியை மட்டும் தனியே வேவ் ஃபைலாக அனுப்ப வேண்டும்.

கைமாற்றாமலே இருப்பது இன்னும் மேல். ப்ரீமியருக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கும் 'டைனமிக் லிங்க்' என்ற நேரடி இணைப்பு உண்டு. டாவின்சி ரிஸால்வில் 2018 முதல் ஃப்யூஷன் உள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் திணறினால்தான் இடைநிலை ஃபைல் தேவைப்படும்.

எவ்வளவு நல்ல வகையாக இருந்தாலும் அமைப்புகள் பொருந்தாவிட்டால் வீண். நம் நாட்டுக் காஸெட்டுகள் நொடிக்கு 25 படம். ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படங்களாகப் பின்னியது. அரைப்படங்களில் எது முந்தியது என்பதைத் தவறாகச் சொன்னால் பாட்டி நடக்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் போல் கிழியும். செல்போன் படங்களோ பெரும்பாலும் 30ஐ ஒட்டி, வேகம் ஏறி இறங்கி இருக்கும். அவற்றை முதலிலேயே நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் நாதஸ்வரம் ஒரு பக்கம், வாசிப்பவர் விரல் ஒரு பக்கம் என்று போய்விடும். உறவினர்களிடம் கேட்டு வாங்கும்போது, வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒன்று, எம்பி4ஐ ப்ரோரெஸாக மாற்றுவதால் போன தரம் திரும்பாது. இரண்டாம் டிகாஷனை வெள்ளி டம்ளரில் ஊற்றினாலும் அது இரண்டாம் டிகாஷன்தான். மேற்கொண்டு நீர்க்காமல் இருக்கும், அவ்வளவே. அதனால் காஸெட்டை மாற்றித் தரும் கடையில், பார்ப்பதற்கான சின்ன ஃபைலோடு, அதிகம் சுருக்காத பெரிய ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். விழாவில் ஓட்டுவதற்கான எச்.264ஐ, எல்லா வேலையும் முடிந்தபின் ஒரே ஒரு முறை எடுத்தால் போதும்.

தரம் குறைந்ததா என்று கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மூலத்தின் மேல் போய்வந்த படத்தை வைத்து 'டிஃபரன்ஸ்' என்ற கலப்பு முறையைப் போடுங்கள். இரண்டும் ஒன்றானால் திரை கறுப்பாகிவிடும். வேறுபட்ட இடம் மட்டும் மங்கலாக ஒளிரும். அந்தப் பெண் அப்படிப் பார்த்தபோது, நீக்கிய கீறல்கள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. பாட்டியின் முகம் இருந்த இடத்தில் கறுப்பைத் தவிர ஒன்றுமே இல்லை.