உஷார்! ‘நம்மால முடியுமா?’ என்று கேட்கும் வீட்டுக்குத்தான் புரோக்கர் வருகிறார்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அவசரமாக ஒரு சேதி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்ததுமே ஒரு ஆள் உங்களைத் தேடி வருவார். முன்பின் தெரியாதவராக இருக்கமாட்டார். சம்பந்தி வழியில் உறவு, கூடப் படித்தவனின் சித்தப்பா, கரை வேட்டி கட்டிய உள்ளூர்ப் பெரிய மனிதர் என்று ஏதோ ஒரு ஒட்டு இருக்கும். முதல் நாளே பணம் கேட்கமாட்டார். “படிச்சு எழுதி எவன் பாஸ் பண்றான் சொல்லு தம்பி? மெட்ராஸ்ல போய் கோச்சிங் சேர்ந்தவனே திணர்றான். நம்ம ஊரு ஸ்கூல்ல படிச்ச புள்ள என்ன பண்ணும்?” என்பார். கரிசனம் சொட்டும். பிள்ளை தலையைக் குனிந்து, அம்மா ஒரு பெருமூச்சு விட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. “மேல நமக்கு ஆள் இருக்கு” என்பது அடுத்த தடவை வரும்போது.

விற்பதற்கு அவர் கையில் எந்த வேலையும் கிடையாது. உங்கள் பிள்ளைக்குத் தன்மேல் இருக்கும் சந்தேகம்தான் அவர் போடும் முதல். மக்காச்சோளமும் பருத்தியும் விற்ற காசு, அடகுக்குப் போகும் தாலிக்கொடி, எழுதிக்கொடுக்கும் நிலம் எல்லாம் அவருக்கு லாபம்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் தெரிந்தால் வயிறு எரியும். பத்துப் பேரிடம் தலைக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று முன்பணம் வாங்குவார். அதன்பிறகு ஒன்றுமே செய்யமாட்டார். எந்த அதிகாரியையும் பார்ப்பதில்லை, ஒரு போன்கூடப் போடுவதில்லை. பரீட்சை நடக்கும், முடிவு வரும். பத்தில் ஒன்றிரண்டு பேர் தாங்களே படித்துத் தேறியிருப்பார்கள். நேராக அந்த வீட்டுக்குப் போய், “சொன்னபடி முடிச்சுட்டேன் பாத்தீங்களா” என்று மீதியையும் வாங்கிக்கொள்வார். தேறாதவர்களிடம், “ஆபீஸர் மாறிட்டாரு, அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கலாம்” என்பார். ரொம்ப நெருக்குகிற ஒருவருக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நாணயஸ்தர் என்று பெயரும் வாங்கிவிடுவார்.

பணம் போனவர்களைவிட எனக்குப் பாவமாகத் தெரிவது தேறிய பிள்ளைதான். ராத்திரி கண் விழித்து, தன் மூளையால் வாங்கிய வேலையைக் காசு கொடுத்து வாங்கியதாக ரிட்டயர் ஆகும்வரை நம்பிக்கொண்டிருக்கும். தன் தங்கைக்கும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே ஆளைச் சிபாரிசும் செய்யும். பட்டறை போட்ட சின்ன வெங்காயத்தில் ஒரு அழுகலை எடுக்காமல் விட்ட கதைதான் இது. ஒரு வீட்டின் அவநம்பிக்கை தெரு முழுக்கப் பரவிவிடும்.

“இல்லைங்க, நிஜமாவே உள்ளே ஆள் வெச்சு முடிக்கறவங்களும் இருக்காங்க” என்று யாராவது சொல்லலாம். இருந்தார்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் முதல் 100 இடங்களுக்குள் வந்தார்கள். சந்தேகம் கிளம்பியது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. எழுதினால் சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையில் விடையைக் குறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் வேறு ஆட்கள் சரியான விடையை நிரப்பியிருக்கிறார்கள். கதை எப்படி முடிந்தது? 2020 ஜனவரியில் 99 பேருக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுத வாழ்நாள் தடை. கைது, கோர்ட்டு வேறு. ஆக, புரோக்கர் ஏமாற்றினால் காசு போகும். சொன்னபடி செய்தால் ஆயுசுக்கும் அந்தக் கனவே போகும். இரண்டாவதுதான் மோசம்.

சரி, ‘நம்மால முடியாது’ என்று பயப்படும் அந்தப் பரீட்சைதான் என்ன? பத்தாம் வகுப்புத் தரம். 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காதவரின் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். “எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணா” என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இதைவிடச் சாதகமான பரீட்சை எது? நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். “இன்டர்வியூல பேசி முடிச்சிடலாம்” என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இரண்டு மாவட்டத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள். புரோக்கருக்குக் கொடுக்க மூன்று லட்சம் புரட்டத் தெரிந்த வீட்டுக்கு அந்த ஆபீஸ் வாசல் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெளிநாட்டுக் கனவிலும் இதே விளையாட்டுதான். லப்பைக்குடிக்காடு பக்கம் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் ஏராளம். அதைப் பார்த்துவிட்டு, டிகிரி முடித்தும் இன்டர்வியூவுக்குப் போகக் கூச்சப்படும் பையன், “கம்ப்யூட்டர் வேலை, இன்டர்வியூ இல்லை, டிக்கெட் நாங்களே போடுறோம்” என்கிற விளம்பரத்தில் விழுகிறான். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-ல் மீட்டு வர வேண்டியிருந்தது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். டூரிஸ்ட் விசாவில் ஏற்றி, “அங்கே போய் மாத்திக்கலாம்” என்றால் ஏர்போர்ட்டுக்கே போகாதீர்கள்.

டாக்டர் கனவைப் பற்றிப் பேசும்போது அரியலூர்க்காரர்களுக்குக் குரல் தழுதழுக்கும். குழுமூர் அனிதா பிளஸ் 2-வில் 1200-க்கு 1176 எடுத்தவர். தன்மேல் சந்தேகம் கொண்ட பெண் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடியவர். 2017-ல் நீட் வந்து விதி மாறியது, வழி அடைபட்டது, செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். எல்லாத் தடையும் மனசுக்குள்ளேதான் இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஊருக்கு வந்து அதைச் சொல்ல வேண்டாம். ஆனால் அதிலிருந்து ‘டாக்டர் படிப்பெல்லாம் நமக்கில்ல’ என்று முடிவுகட்டிவிட்ட வீடுகளும் இங்கே உண்டு. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். இது தெரியாத அப்பாவிடம்தான், “நீட் மார்க் கம்மியா? கவலைப்படாதீங்க, மேனேஜ்மென்ட் சீட் பேசி முடிக்கலாம்” என்று ஒருவர் வந்து உட்காருகிறார். நீட் தகுதி இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் எம்.பி.பி.எஸ். இல்லை. தனியார் கல்லூரியின் நிர்வாக இடங்களும் கலந்தாய்வு வழியாகத்தான். வீட்டு வரவேற்பறையில் பேசி முடிக்கிற சீட்டு எதுவும் கிடையாது.

ஹாக்கி வீரர் கார்த்தி செல்வமும் அரியலூர்ப் பையன்தான். அப்பா காவலாளி வேலை பார்த்தவர். கோவில்பட்டி போய்ப் பயிற்சி எடுத்து, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடி, அதிலேயே கோல் போட்டார். இந்திய அணியில் புரோக்கர் பிடித்து இடம் வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. குரூப் 4-க்கு மட்டும் ஏன் தெரியமாட்டேன் என்கிறது?

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? மானம் போகும் என்று மூடி வைக்காதீர்கள். அந்த ஆள் நம்பியிருப்பதே அதைத்தான். கொடுத்த தேதி, வாங்கிய வாட்ஸ்அப் செய்தி, பேங்க் ரசீது எதையும் அழிக்காமல் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். பிள்ளையை மட்டும் திட்டாதீர்கள். பேசாமல், சாப்பிடாமல் அறைக்குள்ளேயே முடங்கினால் மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணை நீங்களே அழைத்து அவன் கையில் போனைக் கொடுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.